கூரையின் வேலை

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மாக்னா ஸ்டையர் என்றொரு தொழிற்சாலை இருக்கிறது. தன் பெயரில் கார் விற்காமல், பிற நிறுவனங்களுக்குக் கார் கட்டிக்கொடுப்பது அதன் தொழில். 2018-19 வாக்கில் அங்கே இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் உற்பத்திக்கு வந்தன. ஒன்று பிஎம்டபிள்யூ இசட்4, மற்றது டொயோட்டா சுப்ரா. இரண்டுக்கும் அடித்தளம் ஒன்றே. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைப்பட்ட தூரம் இரண்டிலும் 2,470 மில்லிமீட்டர். பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் இன்ஜின் இரண்டிலும் உண்டு. செலவைப் பங்குபோட்டுக்கொண்டு சேர்ந்து உருவாக்கிய இரண்டு கம்பெனிக்காரர்களும், கூரை விஷயத்தில் மட்டும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். திறந்த கார் பிஎம்டபிள்யூவுக்கு. அதில் கூபே கிடையாது. மூடிய கார் டொயோட்டாவுக்கு; அதில் மடக்குக்கூரை கிடையாது.

ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் மனத்தில் காலங்காலமாக நடக்கும் வழக்கை இரண்டு கம்பெனிகள் இப்படி வெளிப்படையாகப் பேசித் தீர்த்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கன்வர்ட்டிபிளா, கூபேயா என்ற கேள்வியை விலைப்பட்டியலில் நிறத்துக்கும் சீட் உறைக்கும் நடுவே ஒரு வரியாகப் போட்டுவிடுவதுதான் வழக்கம். அங்கே போட வேண்டிய கேள்வியல்ல அது. ஒரே முகப்பு, ஒரே இன்ஜின், ஒரே பெயர் என்றிருந்தாலும், கூரையோடு ஒரு கார், கூரையில்லாமல் வேறொரு கார்.

கூரை வெறும் மூடியாக இருந்த காலமும் உண்டு. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி 1961 முதல் கட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜோவன்னி மிக்கலோட்டி. அதற்குத் தனிச் சேஸிஸ். இன்ஜினையும் சக்கரங்களையும் சேஸிஸ் தாங்கிக்கொள்ளும். உடம்பு அதன்மேல் போல்ட் போட்டு உட்காரும். மேல்பாகத்தின் போல்ட்டுகளைக் கழற்றினால் கூரை தனியாக வந்துவிடும். அதனால்தான் இங்கிலாந்தில் அதே சேஸிஸ்மேல் சலூன், கூபே, கன்வர்ட்டிபிள், எஸ்டேட், வேன் என்று எல்லாவற்றையும் வைத்து விற்க முடிந்தது. அந்த வண்டியில் கூரையை எடுப்பது பெரிய காரியமே இல்லை.

தனிச் சேஸிஸ் போய், உடம்பே சேஸிஸாக மாறிய பிறகுதான் கூரைக்கு வேலை வந்தது. மெல்லிய இரும்புத் தகடுகளை மடக்கி, பற்றவைத்துச் செய்த ஒரு பெட்டிதான் இன்றைய கார். தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் வெளியே எடுத்து, இரு முனைகளையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். விரலுக்கு ஒரு வேலையும் இல்லாமல் திருகிக்கொள்ளும். அதையே மேலுறைக்குள் தள்ளிவிட்டு முறுக்கினால் அசையாது. அட்டை அதே அட்டைதான். நாலு பக்கமும் மூடிய வடிவம் முறுக்கைத் தாங்குகிறது, ஒரு பக்கம் திறந்த வடிவம் தாங்குவதில்லை. கூபேயின் கூரை அந்த நாலாவது பக்கம்.

இது ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? இடது முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. கார் முழுவதும் ஒரு கணம் முறுக்கிக்கொள்கிறது. கூபேயில் அந்த அடியை ஸ்பிரிங்கும் டேம்பரும் வாங்கிக்கொள்ளும், அதோடு சரி. பழைய கன்வர்ட்டிபிளில் உடம்பும் சேர்ந்து ஒரு ஸ்பிரிங்காகிவிடும். முன்கண்ணாடியின் மேல்விளிம்பு நடுங்கும். அதில் ஒட்டியிருக்கும் பின்பார்வைக் கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் உருவம் இரண்டாகக் கலங்கி மறுபடி ஒன்றாகும். ஸ்டீயரிங் தண்டு வழியாக அந்த நடுக்கம் உள்ளங்கைக்கு வந்து சேரும். பாலத்தின் இணைப்புப் பட்டைகளைக் கடக்கும்போது இதைத் தெளிவாகப் பார்க்கலாம். ஸ்பிரிங்கையும் டேம்பரையும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து அமைத்த பொறியாளரின் உழைப்பு, தன் கணக்கில் வராத ஒரு அசைவால் மங்கிப்போகிறது. வளைவில் கார் என்ன செய்யப்போகிறது என்பதைக் கை முன்கூட்டியே அறிவதுதான் ஸ்போர்ட்ஸ் காரின் உயிர் என்று நினைப்பவருக்கு இது சின்ன இழப்பல்ல.

கூரையை எடுத்தாலும் அது செய்த வேலை எங்கேயும் போய்விடாது. வேறோர் இடத்தில் வந்து உட்கார்ந்தே தீரும். இதற்கு என்னிடம் இருக்கும் நல்ல சாட்சி மெர்சிடீஸ் 300 எஸ்எல். 1952-இல் லெ மான்ஸ் பந்தயத்தையும் மெக்சிகோவின் கரேரா பனமெரிக்கானாவையும் வென்ற பந்தயக் காரின் வழியில், 1954-இல் சாலைக்கு வந்தது. மெல்லிய உலோகக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த கூடு அதன் எலும்பு. கூடு விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் பக்கவாட்டுக் குழாய்கள் உயரமாக ஓட வேண்டும். உயரமாக ஓடினால் சாதாரணக் கதவுக்கு இடமில்லை. அதனால் கதவைக் கூரையிலேயே கீல் வைத்து மேல்நோக்கித் திறக்க வைத்தார்கள். பறவை சிறகு விரிப்பது போல என்று உலகமே வியந்த அந்தக் கதவு அலங்காரத்துக்காகப் பிறந்ததல்ல. குழாய்கள் வேறு வழி விடவில்லை. உள்ளே ஏறுவதே ஒரு வித்தை. அகலமான விளிம்பில் உட்கார்ந்து, காலைச் சுழற்றி உள்ளே போட்டு, அதற்கென்றே மடங்கும் ஸ்டீயரிங் சக்கரத்தை மறுபடி நிமிர்த்த வேண்டும். ஜன்னல் கண்ணாடி கீழே இறங்காது. காற்று வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றி சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வெயில் நாளில் உள்ளே வெந்துபோவார்கள்.

இந்தக் காரை மெர்சிடீஸிடம் கேட்டு வாங்கியவர் நியூயார்க்கில் ஐரோப்பியக் கார்களை இறக்குமதி செய்துவந்த மாக்ஸ் ஹாஃப்மன். கலிஃபோர்னியா வாடிக்கையாளர்களுக்கோ திறந்த கார் மேல்தான் கண். 1957-இல் 300 எஸ்எல் ரோட்ஸ்டராக மறுபிறவி எடுத்தது. கதவிருக்கும் இடத்தில் குழாய்க் கூட்டைத் தாழ்த்தி வேறு மாதிரி கட்டினார்கள்; சாதாரணக் கதவு வந்தது; ஜன்னல் இறங்கியது; கனம் கூடியது. பின் அச்சையும் திருத்தியதால், அவசரத்தில் வளைவை எடுப்பவரின் உயிருக்கு ரோட்ஸ்டரே கூடுதல் பத்திரம். மூன்றே ஆண்டுகள் விற்ற சிறகுக் கதவு 1,400. 1963 வரை விற்ற ரோட்ஸ்டர் 1,858. ஆனால் இன்று உலகம் எந்தக் காரைப் படமாக மாட்டி வைத்திருக்கிறது? பக்குவப்பட்ட ரோட்ஸ்டரை அல்ல, வேகவைத்த அந்த மூடிய காரைத்தான். எனக்கும் அதுவே பெரியது. ஓர் எண்ணம் தடுமாறாமல் கடைசிவரை போனதன் அழகு அதில் இருக்கிறது.

இதற்கு எதிர்த் திசையில் நடந்த கதை ஒன்றும் உண்டு. 1995-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்பார்ட்டன்பர்க் ஆலையில், பிஎம்டபிள்யூ இசட்3 ரோட்ஸ்டரைக் கட்டத் தொடங்கியது. இனிமையான கார், விறைப்பு போதாத கார். புர்க்ஹார்ட் கோஷல் என்ற பொறியாளரும் அவருடைய சகாக்களும் வேலை நேரத்துக்கு வெளியே கூடி, அதே ரோட்ஸ்டர்மேல் இரும்புக் கூரை ஒன்றைப் பற்றவைத்துப் பார்த்தார்கள். யாரும் கேட்டுச் செய்த வேலையல்ல. தாங்கள் செய்த காரின் குறை அவர்களை உறங்கவிடவில்லை என்றே நான் நினைத்துக்கொள்கிறேன். முறுக்கைத் தாங்கும் வலு இரண்டரை மடங்குக்கும் மேல் ஏறியது. நிர்வாகம் சம்மதித்தது, ஆனால் செலவு கூடாது, ரோட்ஸ்டரின் தகடுகளையே முடிந்தவரை பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதனால் முன்பாதி ரோட்ஸ்டராகவும் பின்பாதி ஏதோ ஒரு சின்ன வேனாகவும் அந்தக் கூபே 1998-இல் கடைக்கு வந்தது. கோமாளியின் செருப்பு என்று பெயர் வைத்தார்கள். விற்றது கொஞ்சம்தான். இன்று அதன் சக்தி கூடிய வகையான எம் கூபேயை வாங்கப் போகிறவர், அதே இன்ஜின் உள்ள ரோட்ஸ்டருக்கு ஆவதைவிட மிகக் கூடுதல் பணத்தோடு போக வேண்டும். பார்த்துச் சிரித்த தலைமுறை போய், ஓட்டி அறிந்த தலைமுறை வந்துவிட்டது.

பணம் இருந்தால் இந்த வழக்கே இல்லை என்பவர்கள் மெக்லாரனைக் காட்டுவார்கள். 2011-இல் வந்த அவர்களுடைய 12சி காருக்கு நடுவுடம்பு ஒரே துண்டான கார்பன் ஃபைபர் தொட்டி. முறுக்கைத் தொட்டியே தாங்கிவிடுவதால் மறு ஆண்டு கூரையை மடக்கும்படி செய்தபோது கூடிய எடை 40 கிலோ, அதுவும் பெரும்பாலும் மடக்கும் இயந்திரத்துக்காக. பணமில்லாத வழியும் உண்டு. 1996-இல் விற்பனைக்கு வந்த லோட்டஸ் எலீஸ் என்ற திறந்த காரின் உடம்பு, அலுமினியச் சட்டங்களைப் பசை போட்டு ஒட்டிய தொட்டி. முழுக் காரும் 725 கிலோ அளவுதான். ஆனால் அதன் கதவடிச் சட்டம் எவ்வளவு உயரம் என்று ஏறி இறங்கியவர்களைக் கேளுங்கள். நாற்பதாண்டுக்கு முன் மெர்சிடீஸில் ஏறியவர் போலவே இவரும் விளிம்பில் உட்கார்ந்துதான் காலை உள்ளே போடுகிறார்.

உணர்ச்சிக்கு இடமே இல்லாத பந்தயக் களத்திலும் இந்த வழக்கு நெடுநாள் நடந்தது. லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஆடி நிறுவனத்தின் திறந்த கார் 2000 முதல் 2005 வரை ஐந்து முறை வென்றது. இடையில் 2003-இல் மட்டும் பென்ட்லியின் மூடிய கார். திறந்த காரில் ஓட்டுநர் மாறுவது சட்டென்று முடியும், உள்ளே வெப்பம் சேராது, மழையில் கண்ணாடி உட்புறம் ஆவி படியாது. 2011-இல் ஆடியும் மூடிய காருக்கு மாறியது. காற்றைக் கிழித்துப் போவதில் மூடிய வடிவத்துக்கு இருக்கும் சாதகம் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சிவிட்டது. அந்த வருடமே அவர்களுடைய மூன்று கார்களில் இரண்டு பயங்கரமாக மோதிச் சிதறின. அவற்றை ஓட்டிய அலன் மெக்னிஷும் மைக் ராக்கன்ஃபெல்லரும் உயிரோடு வெளியே வந்தார்கள். 2014 முதல் அந்த உச்சப் பிரிவில் மூடிய காருக்கு மட்டுமே இடம்.

இவ்வளவு சொன்ன பிறகு கூபேதான் என்று முடித்திருக்கலாம். அப்படி முடிக்க விடாத கார் ஒன்று இருக்கிறது.

1979-இல் பாப் ஹால் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், மஸ்தாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், பழைய இங்கிலீஷ் ரோட்ஸ்டர் போல எளிமையான ஒரு திறந்த கார் செய்யுங்கள் என்றார். பத்து வருடம் கழித்து, 1989 சிகாகோ கண்காட்சியில் அது எம்எக்ஸ்-5 ஆக வந்தது. 1.6 லிட்டர் இன்ஜின், 115 குதிரைத்திறன் அளவு, எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. கியர்பாக்ஸையும் பின் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் இணைத்திருந்தார்கள். ஏற்கெனவே இருந்த மூடிய காரின் தலையை வெட்டி எடுத்ததல்ல. முதல் கோட்டிலிருந்தே திறந்த காராக வரைந்தது. 2016-இல் பத்து லட்சத்தைத் தொட்டது.

முதல் எம்எக்ஸ்-5இன் கூரையைத் திறப்பதைச் சொல்ல வேண்டும். பின் ஜன்னல் கண்ணாடியல்ல, பிளாஸ்டிக். முதலில் அதன் ஜிப்பை இழுத்து, ஜன்னலைக் கீழே படுக்க வைக்க வேண்டும். அவசரப்பட்டு அப்படியே மடக்கினால் பிளாஸ்டிக்கில் மடிப்பு விழுந்து, குளிர்காலத்தில் அங்கேயே வெடிக்கும். பிறகு முன்கண்ணாடியின் மேல்விளிம்பில் இடமும் வலமும் உள்ள இரண்டு கொக்கிகளை விடுவித்து, கூரையைக் கையால் தூக்கிப் பின்னால் தள்ள வேண்டும். துணி தன் மடிப்புகளைத் தானே அறிந்து சீட்டுக்குப் பின்னால் போய் அடங்கும். மோட்டார் இல்லை, பொத்தான் இல்லை. 2015-இல் வந்த நான்காம் தலைமுறையில் கொக்கி நடுவில் ஒன்றே. சிக்னலில் நிற்கும்போது சீட்டில் இருந்தபடியே ஒரு கையால் தோளுக்குப் பின்னால் எறிந்துவிடலாம்.

திறந்தபின் கிடைப்பதைக் காற்று என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். காற்று அதில் சிறு பங்குதான். அதுவும் முகத்துக்கு நேராக வருவதில்லை. முன்கண்ணாடியைத் தாண்டி மேலே போன காற்று, சீட்டுக்குப் பின்னால் சுழன்று திரும்பி, பிடரியில் வந்து அடிக்கும். அதைத் தடுக்கத்தான் சீட்டுகளுக்குப் பின்னால் ஒரு சின்ன வலைத் தடுப்பு. காற்றைவிடப் பெரியவை வாசனையும் தட்பவெப்பமும் ஓசையும். சாலை ஓர் ஓடையை நெருங்கும்போது குளிர் தொடையில் படுகிறது. வெட்டிய புல், டீசல், நனைந்த மண், யாரோ வீட்டுச் சமையல் என்று ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மணம். மதில் சுவரை ஒட்டிப் போகும்போது சொந்த சைலன்சரின் குரல் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. கூபேயில் இருப்பவர் காரை ஓட்டுகிறார். திறந்த காரில் இருப்பவர் ஊருக்குள் இருக்கிறார்.

முக்கியமானது இன்னொன்று. இவை அத்தனையும் மணிக்கு 60 கிலோமீட்டரிலேயே கிடைத்துவிடுகின்றன. நல்ல கூபே 60-இல் தூங்குகிறது. அதன் விறைப்பும் சக்கரப் பிடிப்பும் பேசத் தொடங்கும் வேகம் பெரும்பாலான பொதுச் சாலைகளில் யாருக்கும் உரிமையில்லாத வேகம். இன்றைய கூபேக்களின் 300, 400, 500 குதிரைத்திறனை எங்கே கொண்டுபோய் ஓட்டுவது? பிள்ளைகள் குறுக்கே வரக்கூடிய சாலையில், பிறர் உயிருக்குப் பங்கம் வராமல் முழு மனத்தோடு ஓட்டக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார், குறைந்த சக்தியுள்ள திறந்த கார் மட்டுமே என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரு காலத்தில் அதுவே இல்லாமல் போகப் பார்த்தது. 1970களின் தொடக்கத்தில், கவிழ்ந்தால் நசுங்காத கூரை வேண்டும் என்ற விதியால் அமெரிக்காவில் கன்வர்ட்டிபிளுக்கே தடை வந்துவிடும் என்று தயாரிப்பாளர்கள் அஞ்சினார்கள். போர்ஷே அதற்கு முன்பே, 1965-இல், 911 காருக்கு நடுவில் ஓர் உருக்கு வளையம் நிறுத்தி டார்கா என்று பெயர் கொடுத்திருந்தது. 1975-இல் வந்த டிரையம்ஃப் டிஆர்7, ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் இரண்டும் கூபேயாக மட்டுமே பிறந்தன. 1976-இல் காடிலாக் எல்டொராடோதான் கடைசி அமெரிக்கக் கன்வர்ட்டிபிள் என்று அறிவித்து, இறுதி 200 கார்களை வெள்ளை நிறத்தில் கட்டினார்கள். பயந்த தடை வரவே இல்லை. டிஆர்7-இன் கூரை 1979-இல் திறந்தது. ஜாகுவாருடையது முழுதாகத் திறக்க 1988 ஆனது. அந்தக் கூபேக்களில் விறைப்புக்காகக் கூரை வைக்கவில்லை, அச்சத்தால் வைத்தார்கள். பார்த்தாலே அது தெரியும்.

நம் ஊரில் யாரும் மதியம் கூரையைத் திறக்க மாட்டார்கள். வருடத்தில் பாதி நாள் சூரியனுக்கு ஏங்கும் தேசத்தின் ஆசை அது. நமக்கு நிழல்தான் பாக்கியம். ஆனால் கிராட்ஸின் இரட்டையரில் இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வந்தது திறந்த இசட்4 மட்டுமே. சுப்ரா வரவில்லை. வெயிலுக்குப் பொருத்தமானது எது என்று யாரும் கேட்டுத் தீர்மானித்ததாகத் தெரியவில்லை. மாலை ஆறுக்கு மேல், கடற்காற்று ஏறிய பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் அந்தத் திறந்த காருக்கு ஒரு மணி நேரம் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டும் வேண்டும் என்பவர்களுக்காக இரும்புக் கூரையே மடங்கும் கார்களும் வந்தன. மெர்சிடீஸ் எஸ்எல்கே 1996-இல் அதைப் பெரிய நாகரிகமாக்கியது. இசட்4-உம் 2009-இல் அப்படி மாறியது. கூரை மடங்கினால் டிக்கியை விழுங்கும், எடை மேலே ஏறும், மூடியபோதும் பற்றவைத்த கூரையின் வலு வராது. எனக்கு அந்த வகை ஒருபோதும் பிடித்ததில்லை. பிஎம்டபிள்யூ 2018-இல் துணிக்கூரைக்கே திரும்பிவிட்டது; 2021-இல் மெர்சிடீஸ் எஸ்எல்லும் திரும்பியது.

ஜெர்மனியில் ஷ்டுட்கார்ட் பக்கம் வேலையில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணே, வாரக்கடைசிக்குப் பழைய கார் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கேன். இசட்3 கூபேயா, எம்எக்ஸ்-5ஆ?” எந்த ரோட்டில் ஓட்டப்போகிறீர்கள் என்று கேட்டேன். பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை கருங்காட்டு மலைமுகட்டில் ஓடும் பி500 சாலை என்றார். “அப்ப யோசிக்காதீங்க தம்பி, திறந்த வண்டியை எடுங்க. ஆட்டோபானில் மியூனிக் போயிட்டு வர்றதா இருந்தா கூபேன்னு சொல்லியிருப்பேன்” என்றேன்.

பழைய எம்எக்ஸ்-5 பார்க்கப் போகிறவர்கள் பெயின்ட்டையும் இன்ஜின் சத்தத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் தரையில் மண்டியிட்டு, கதவுக்கடியில் ஓடும் சட்டம் பின்சக்கரத்தைத் தொடும் இடத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். துணிக்கூரையில் விழும் மழைநீர் சீட்டுக்குப் பின்னால் உள்ள வடிகுழாய் வழியாக அந்தப் பக்கம்தான் இறங்குகிறது. குழாயில் சருகு அடைத்தால் தண்ணீர் சட்டத்துக்குள் தேங்கி, உள்ளிருந்து துரு ஏறும். வெளியே பெயின்ட் கொப்புளிப்பதற்குள் உள்தகடு போயிருக்கும். அங்கே டிங்கரிங் பார்த்து, பட்டி வைத்து, பெயின்ட் அடித்த தடம் தெரிந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்க வேண்டாம். கூரையில்லாத காரில் முறுக்கைத் தாங்க மிச்சமிருப்பது அந்தச் சட்டம்தான்.